கழிமுகத்தில் படகு, கரையில் கூடாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பத்தில் வீடு இருப்பதால், வெளியூர் உறவினர்களும் அவர்களுடைய நண்பர்களும் விடுமுறைக்கு முந்தைய வாரம் தவறாமல் என்னை நினைத்துக்கொள்வார்கள். எங்கே படகு, எங்கே கூடாரம், எங்கே நடை என்று ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் எந்த ஆற்றுக்குப் போவது?

சங்கராபரணி, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஐந்து ஆறுகள் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் கரைக்குள் கடலில் சேருகின்றன. ஆனால் ஐந்திலும் படகு கிடைக்காது. பொதுமக்கள் டிக்கெட் வாங்கி ஏறுவதற்கு வசதியான இடங்கள் இரண்டு. ஒன்று, புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் எட்டு கிலோமீட்டரில் நோணாங்குப்பத்தில் இருக்கும் சுண்ணாம்பாறு படகுத்துறை. மற்றொன்று, சிதம்பரத்துக்குக் கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிச்சாவரம். சுண்ணாம்பாறு என்பது வேறு ஆறு இல்லை. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது பிரிகிற கிளைதான் அது. அதன் மறு கிளை எங்கள் ஊர் வழியாக அரிக்கமேட்டை உரசிக்கொண்டு போகிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல், குற்றாலம் என்று பழகியவர்கள் ஆறு என்றால் மேலிருந்து கீழே ஓடும் தண்ணீர் என்று நினைத்து வருகிறார்கள். இங்கே இருப்பது ஆற்றின் கடைசிப் பகுதி. தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை மேற்கு நோக்கியும் ஓடும். ஆற்றுக்குப் போகிறவர் கடலைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சுண்ணாம்பாறா, பிச்சாவரமா?

கையில் அரை நாள், கூடவே சின்னப் பிள்ளைகள் என்றால் சுண்ணாம்பாறு. புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகில் ஏறி முகத்துவாரத்தை ஒட்டியிருக்கும் பாரடைஸ் கடற்கரையில் இறங்கலாம். ஒரு பக்கம் உப்பங்கழி, மறு பக்கம் கடல், நடுவே மணல்திட்டு. ஞாயிற்றுக்கிழமை போனால் வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும். செவ்வாய், புதன்கிழமைகளில் அந்த இடமே வேறு.

ஒரு முழு நாள் இருந்தால் பிச்சாவரம். எனக்கு இதுதான் பிடிக்கும், மறைக்கவில்லை. வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையில், ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில், ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் அலையாத்திக் காடு. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. ரயிலில் வருகிறவர்கள் சிதம்பரத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். கிள்ளையிலும் நிலையம் உண்டு, ஆனால் எல்லா ரயில்களும் நிற்காது.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகா, மோட்டார் படகா?

துடுப்புப் படகு. யோசிக்கவே வேண்டாம். மோட்டார் படகு அகலமான கால்வாயோடு நின்றுவிடும், அதன் சத்தத்துக்குக் கொக்கும் நீர்க்காகமும் முன்னாலேயே பறந்துவிடும். துடுப்புப் படகு மட்டுமே இரண்டு பக்கமும் கிளை உரசும் சந்துகளுக்குள் நுழையும். தலைக்கு மேல் இலைக்கூரை, வெயில் காசு காசாக விழும், துடுப்பின் சத்தம் தவிர வேறு சத்தமே இருக்காது. அங்கே படகோட்டி துடுப்பை மடியில் வைத்துவிட்டு, வேர்களைக் கையால் பிடித்துப் பிடித்துப் படகை இழுப்பார்.

அந்தச் சந்துகளில் அதிர்ஷ்டம் இருந்தால் இருளர் சமூகத்து ஆண்களும் பெண்களும் இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் பனையோலைப் பறியில் போடுவார்கள். அவர்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டாதீர்கள்.

எந்த நேரத்தில் படகு ஏறுவது நல்லது?

காலை. பகல் பதினொரு மணிக்கு மேல் தண்ணீரிலிருந்து அடிக்கும் அனல் மேலிருந்து அடிக்கும் வெயிலை விடக் கொடியது. ஆனால் காலை என்று சொன்னால் மட்டும் போதாது, ஓதத்தையும் பார்க்க வேண்டும். கடல் ஏறும்போது கழியில் தண்ணீர் பெருகும், இறங்கும்போது வற்றும். ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். அதனால் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று தள்ளிப்போகும். நேற்று போன நண்பருக்கு எட்டு மணிக்குக் கிடைத்த நிறைதண்ணீர், நாளைக்குப் போகும் உங்களுக்கு அதே எட்டு மணிக்குக் கிடைக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிது. அஷ்டமியை ஒட்டி இரண்டும் சிறிது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் ஓத நேரங்களை வெளியிடுகிறது. அதைவிடச் சுலபம், படகுத்துறையில் யாராவது ஒரு பெரியவரிடம் “தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா?” என்று கேட்பது.

நம் கரையில் இந்த ஏற்றம் ஒரு மீட்டரைக்கூடத் தாண்டாது. அதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், தெரிந்தவரின் சிறு படகை எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் கழிக்குள் போனோம். போகும்போது துடுப்பு போடவே வேண்டியிருக்கவில்லை, தண்ணீரே இழுத்துக்கொண்டு போனது. ஆகா, என்ன சுகம் என்று பேசிக்கொண்டோம். அது வற்றத்தில் கடலை நோக்கி ஓடும் தண்ணீர் என்பது திரும்பும்போதுதான் உறைத்தது. முழங்கால் ஆழம் கணுக்கால் ஆழமாகி, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தால் தொடை வரை உள்ளே போனது, செருப்பு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் மறுபடி ஏறிவரும் வரை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். குடிதண்ணீர் அரை பாட்டில். தப்பு முழுக்க எங்களுடையது.

அந்த மரங்களில் எதைப் பார்ப்பது? எல்லாம் ஒரே பச்சையாக இருக்கிறதே?

மூன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், காடு பிரிந்து தெரியும். நாலாபுறமும் வளைந்த கால்களை ஊன்றி, ஓடத் தயாராக நிற்பதுபோல் இருப்பது சுரபுன்னை. அதன் கிளையில் முருங்கைப் பிஞ்சுபோல் பச்சையாகத் தொங்குவது காய் இல்லை, மரத்திலேயே முளைவிட்ட கன்று. நுனி கூராக இருக்கும். விழும்போது சேற்றில் செங்குத்தாகக் குத்திக்கொண்டால் அங்கேயே வேர் பிடிக்கும், இல்லையென்றால் மிதந்து வேறு கரை தேடிக்கொள்ளும்.

அடுத்தது வெண்கண்டல். அடிமரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து ஆணி ஆணியாக நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் வேருக்கு மூச்சு அந்த வழியாகத்தான். வெயில் ஏறிய பிறகு ஓர் இலையைக் கையில் தடவிப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். விரலை நாக்கில் வைத்தால் உப்பு. மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளி வைத்திருக்கிறது.

மூன்றாவதைத் தொடவே கூடாது. தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் கொடுத்த மரம், நடராசர் கோயிலின் தலமரம். இன்று அதைத் தேடிப் பார்க்க இங்கேதான் வர வேண்டும். கிளை ஒடிந்தால் வடியும் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகள் கை நீட்டி இலை பறிக்கும் பழக்கத்தைப் படகில் ஏறும் முன்பே நிறுத்திவையுங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. அதன் பிறகுதான் இந்த மரங்களை “புதர்” என்று சொல்வது நின்றது.

ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தங்கலாமா?

அதிகம் வரும் கேள்வி இது. பிச்சாவரக் காட்டுக்குள் முடியாது. அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் அங்கே இருப்பதே குற்றம். பாரடைஸ் கடற்கரையிலும் மாலைக் கடைசிப் படகோடு எல்லோரும் திரும்பிவிட வேண்டும். ஆற்றுப் படுகை பொதுச்சொத்துதானே என்று தென்பெண்ணை மணலில் கூடாரம் அடித்தவர்களும் உண்டு. மணல் திருட்டைப் பிடிக்க இரவில் ரோந்து வரும் காவலர்களிடம் நீங்கள் யார் என்று விளக்கிக்கொண்டிருப்பது விடுமுறையைக் கழிக்க நல்ல வழி இல்லை. படுகையில் படுப்பது ஆபத்து என்பது அதைவிடப் பெரிய காரணம், அதைக் கீழே சொல்கிறேன்.

மிஞ்சுவது தனியார் இடங்கள். கரையோரத் தென்னந்தோப்பு, சவுக்குத்தோப்பு, மாந்தோப்பு ஆகியவற்றின் உரிமையாளரிடம் நேரில் பேசி, ஊரில் ஒருவருக்காவது தெரியப்படுத்திவிட்டுத் தங்குவது. கட்டணம் வாங்கிக் கூடாரம் போட்டுத் தரும் இடங்களும் புதுச்சேரிக் கரையில் உண்டு. காசு கொடுக்கும் முன் கழிப்பறையைப் பார்த்துவிடுங்கள். படத்தில் கூடாரத்தைத்தான் காட்டுவார்கள்.

தோப்பில் இடம் தேர்ந்தெடுக்கும்போது தென்னை மரத்துக்கு நேர் கீழே வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை. நண்டு வளைகள் இருக்கும் தரை என்றால் ஓதத் தண்ணீர் அங்கே வரை வந்து போகிறது என்று பொருள். இன்னும் மேலே போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கடற்கரை ஓரம் தங்கினால் விளக்கை அணைத்து வையுங்கள். பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட ஏறும் காலம் அது, வெளிச்சம் கண்டால் திரும்பிப் போய்விடும்.

கொசு? பாம்பு?

கொசு உண்டு, தாராளமாக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய ஒரு மையத்தைப் புதுச்சேரியில்தான் வைத்திருக்கிறது என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். முழுக்கைச் சட்டை, பூச்சுமருந்து, வலைக் கதவு கிழியாத கூடாரம். நொச்சியிலையைப் புகைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும்.

பாம்பு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். இங்கே இரவில் நடமாடும் கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தானாக மூடிக்கொள்வது, பேச்சுக் குளறல் என்று தொடங்கும். அதனால் திறந்தவெளியில் பாய் விரித்துப் படுக்காதீர்கள், கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூடுங்கள், காலையில் காலணியை உதறிவிட்டுப் போடுங்கள். சந்தேகம் வந்தாலே போதும், 108ஐ அழையுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. புதுச்சேரிப் பக்கம் என்றால் ஜிப்மர், சிதம்பரம் பக்கம் என்றால் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அடுப்பு மூட்டிச் சமைக்கலாமா?

தோப்புக்காரர் சம்மதித்தால் சமைக்கலாம். சவுக்குத்தோப்பில் மட்டும் வேண்டாம். உதிர்ந்து கிடக்கும் சருகு ஒரு பொறிக்குக் காத்திருக்கும். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுகிறேன். இரண்டு நாள் தாங்கும், பாத்திரம் கழுவும் வேலையும் இல்லை. சிதம்பரம் வழியாகப் போகிறவர்கள் கத்திரிக்காய்க் கொத்சு கிடைக்கும் கடையில் இட்லி சாப்பிடாமல் வந்தால் அது அவர்கள் விதி.

இந்தப் பக்கம் மலையேற்றம் உண்டா?

மலையே இல்லை, ஏறுவது எங்கே? கடலூரில் கேப்பர் மலை என்ற பெயரில் ஒரு செம்மண் மேடு உண்டு. வெளியூர்க்காரர் பார்த்துவிட்டு “மலை எங்கே?” என்று கேட்பார். ஆனால் நடை உண்டு, நல்ல நடை.

என் முதல் சிபாரிசு, சங்கராபரணியை ஒட்டிய திருவக்கரை. புதுச்சேரியிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், விழுப்புரம் மாவட்டத்தில் வரும். அங்கே கல்மரங்கள் கிடக்கின்றன. ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, மணலில் புதைந்து, கல்லாகிப்போனவை. சொனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781இல் இதைப் பதிவு செய்தார். பட்டையும் கணுவும் அப்படியே தெரியும். விறகுக்கு வெட்டிப் போட்டது என்று நினைத்து உட்காரப் போனால் சுடும், கல் அல்லவா. துண்டு எதையும் பையில் போடாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட தேசியப் புவியியல் சின்னம்.

இரண்டாவது எங்கள் ஊர் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோடு நடந்த வாணிபத்துக்கு மண்பாண்டங்களைச் சாட்சியாக எடுத்த இடம். இப்போது பார்க்க இருப்பது மாமரங்களும், பிற்காலப் பிரெஞ்சுக் கட்டடம் ஒன்றின் இடிந்த செங்கல் சுவரும், ஆறும் மட்டும்தான். கோட்டை, கொத்தளம் எதிர்பார்த்து வந்து என்னைத் திட்டியவர்கள் உண்டு. கப்பல் எந்த வழியாக வந்திருக்கும் என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்கத் தெரிந்தவர்கள் வரலாம்.

பறவை பார்க்கிறவர்களுக்கு ஊசுட்டேரி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, விடியும் முன்பே கரையில் இருக்க வேண்டும்.

ஆற்றில் குளிக்கலாமா?

உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் துறையில், அவர்கள் குளிக்கும்போது, அவர்கள் நிற்கும் இடத்தில் குளிக்கலாம். தடுப்பணை ஓரத்தில் கூடாது. மேலே தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் இருக்கும், கீழே மணல் அள்ளிய குழி ஆளுயரத்துக்கு மேல் இருக்கும். இரண்டு அடி எடுத்து வைத்தால் தரை இல்லை. 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் அருகே கெடிலத்தில், தடுப்பணைத் தண்ணீரில் குளிக்க இறங்கிய ஏழு பெண்கள் ஒரே நாளில் போய்விட்டார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், சிறுமிகள். ஒருவர் மூழ்க, காப்பாற்றப் போனவர்களும் மூழ்கும் கதைதான் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. நீச்சல் தெரிந்தாலும் குதிக்காதீர்கள். வேட்டி, துப்பட்டா, கயிறு, காலிக் குடம் எது இருந்தாலும் வீசுங்கள்.

முகத்துவாரத்தில் நீச்சல் தெரிந்தவருக்கும் வேலை இல்லை. வற்றத் தண்ணீர் கடலுக்குள் இழுக்கும் இழுப்பை எதிர்த்து யாராலும் நீந்த முடியாது.

மழைக்காலத்தில் வரலாமா?

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை நாள் குறிக்காதீர்கள். இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல், 2024 நவம்பர் முடிவில் ‘ஃபெஞ்சல்’ புயல். ஃபெஞ்சல் சமயத்தில் கடலூரை அதிகம் வாட்டியது ஊரில் பெய்த மழை மட்டும் இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் பெய்த மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அன்று நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் திறந்த தண்ணீர் தென்பெண்ணைக் கரை ஊர்களை வந்து மூழ்கடித்தது. படுகையில் படுக்காதீர்கள் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும், தண்ணீர் வேறு மாவட்டத்திலிருந்து வந்துகொண்டிருக்கும். தென்பெண்ணைக்குச் சாத்தனூர், சங்கராபரணிக்கு வீடூர். இந்த இரண்டு அணைகளின் செய்தியை முந்தைய நாள் பத்திரிகையில் பார்த்துவிடுங்கள்.

ஜனவரியும் பிப்ரவரியும் அருமையான மாதங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வருவேன் என்று அடம்பிடித்தால் காலை ஒன்பதுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு நிழல் தேடுங்கள்.

திருவிழா நாளில் வந்தால் சிரமமா?

கூட்டம் பிடிக்காதவருக்குச் சிரமம். எனக்குத் திருவிழா என்றால் ஆறு உயிரோடு இருக்கிறது என்று தோன்றும். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை, கெடிலக் கரைகளில் ஆற்றுத் திருவிழா. ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து மணலில் வரிசையாக நிற்கும், பிள்ளைகள் கையில் பலூன், பெரியவர்கள் பையில் சுருளிக்கிழங்கு. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்கு வருவார், அங்கே இஸ்லாமியர்கள் அவருக்கு மரியாதை செய்து வரவேற்பார்கள். அன்று பிச்சாவரம் போகும் சாலையில் வண்டி நகராது. முன்கூட்டியே தெரிந்துகொண்டு, படகை விட்டுவிட்டு விழாவைப் பாருங்கள்.

படகில் மது?

கூடாது. புதுச்சேரியில் மலிவு என்பதால் இந்தக் கேள்வி வருகிறது என்று எனக்குத் தெரியும். பாட்டிலோடு முள்ளோடையைத் தாண்டிக் கடலூர் எல்லைக்குள் போனால் சோதனைச் சாவடியில் வேறு கதை.

லைஃப் ஜாக்கெட் கட்டாயமா? எங்கள் பாட்டிக்கு எழுபத்தைந்து வயது, நீச்சல் தெரியாது. அழைத்துவரலாமா?

கட்டாயம்தான். கொக்கிகளை மாட்டாமல் தோளில் தொங்கவிட்டால் தண்ணீரில் அது தனியே மிதக்கும், நீங்கள் தனியே இருப்பீர்கள். எல்லாக் கொக்கியையும் மாட்டிவிட்டு, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறிவந்தால் அளவு பெரிது, வேறு கேளுங்கள். முதலையோ டால்பினோ எதைப் பார்த்ததாக யார் கத்தினாலும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடக் கூடாது. 2009இல் தேக்கடியில் 45 பேரைக் காவுகொண்ட படகு கவிழ்ந்தது, பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததால் என்றே அப்போது பேசப்பட்டது.

பாட்டியைத் தாராளமாக அழைத்து வாருங்கள். துடுப்புப் படகுதான் அவர்களுக்கும் நல்லது, குலுங்காது. தண்ணீர் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து வந்தால் படகின் விளிம்பு துறையின் படிக்கு ஏறக்குறைய சமமாக இருக்கும், வற்றத்தில் வந்தால் கீழே இறங்க வேண்டியிருக்கும். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் காலைப் படகின் நடுவில் வைக்க வேண்டும், விளிம்பில் வைக்கக் கூடாது. கை படகோட்டியின் தோளில் இருக்கட்டும். உட்கார்ந்த பிறகு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுங்கள், கரையில் மறந்துவிட்டால் வழியெல்லாம் அதே பேச்சாக இருக்கும்.